டயரியில் எழுதிய பெயர் போதாது
காணி, வீட்டுத் தரகர்களின் கவனத்திற்கு

காணி, வீடு விற்றுக் கொடுக்கும் தரகுத் தொழிலில் எனக்கு இருபது வருடங்களுக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. உறுதியை எப்படிப் பரிசோதிப்பது, காணிப் பதிவகத்தில் எதைத் தேடிப் பார்ப்பது என்பதெல்லாம் எம்மில் பலருக்கு அத்துப்படி. ஆனால் எம் முன்னால் வந்து நிற்கும் வாடிக்கையாளர் யார் என்று பார்க்கும் பழக்கம் எம்மிடம் மிகக் குறைவு. காணியை ஆராய்கிறோம், ஆளை ஆராய்வதில்லை. இதை நான் கற்றுக் கொண்டது 2011 ஆம் ஆண்டில்.

தெஹிவளையில் ஒரு வெறும் வீடு. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார், சாவி என்னிடம் இருந்தது. ஒருநாள் அஸருக்குப் பின் ஓர் அழைப்பு வந்தது. “நானா, பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். வீடு பிடிச்சா இண்டைக்கே அட்வான்ஸ் தரலாம்” என்றார் ஒருவர். வீட்டில் யாரும் இருக்கிறார்களா, சொந்தக்காரர் எங்கே என்றும் கேட்டார். வாங்க வருபவர் கேட்பதுதானே என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லி விட்டேன். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் டயரியில் எழுதிக் கொண்டு, மஃரிபுக்குச் சற்று முன்னர் தனியாகப் போனேன்.

வந்தவர்கள் இருவர். மேல்மாடி அறையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் முன்னே நடந்தேன். அறைக்குள் நுழைந்ததும் ஒருவர் கதவடியில் நின்று கொண்டார், மற்றவர் கத்தியை எடுத்தார். அன்று வேறொருவரிடம் முற்பணமாகப் பெற்றிருந்த 60,000 ரூபாவையும் கைப்பேசியையும் பறித்துக் கொண்டு, என்னை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுச் சென்று விட்டார்கள். இரண்டு மணித்தியாலம் யன்னலால் சத்தமிட்ட பின்னரே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து திறந்து விட்டார். நான் எங்கே போனேன் என்று மனைவிக்கும் தெரியாது, அலுவலகத்தில் இருந்த பையனுக்கும் தெரியாது. பொலிஸில் டயரியைக் காட்டினேன். பெயர் பொய். அந்த இலக்கம் அதன் பின்னர் இயங்கவேயில்லை.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. 1986 ஜூலை 28 ஆம் திகதி லண்டன் புல்ஹாம் பகுதியில் சூசி லாம்ப்ளூ என்ற 25 வயதுப் பெண் தரகர், பட்டப்பகலில் ஒரு வீட்டைக் காட்டுவதற்காக அலுவலகத்திலிருந்து புறப்பட்டார். வாடிக்கையாளரின் பெயர் ‘மிஸ்டர் கிப்பர்’ என்று அவருடைய டயரியில் இருந்தது. அவர் திரும்பி வரவில்லை. அவருடைய உடல் கூட இதுவரை கிடைக்கவில்லை. தனியாகத் தொழில் செய்வோரின் பாதுகாப்புக்காக அவருடைய பெற்றோர் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையை ஆரம்பித்தார்கள். அங்கும் டயரியில் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சம்பவத்திற்குப் பின்னர் நான் கைக்கொள்ளும் ஒழுங்குகள் இவை.

1. முதற் சந்திப்பு வெறும் வீட்டில் இல்லை. அலுவலகத்தில், அல்லது ஆள் நடமாட்டமுள்ள தேநீர்க் கடையில் சந்திப்பேன். தேசிய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துப் பிரதி எடுத்துக் கொள்வேன். பழைய அட்டையின் 9 இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எனவே 85612 என்று தொடங்கும் அட்டையை ஓர் ஆண் நீட்டினால், அது அவருடையதல்ல. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. வயதையும் முகத்தையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

2. போகும் இடத்தை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் விபரம், வீட்டு விலாசம், திரும்பும் நேரம் ஆகியவற்றை அலுவலகத்தில் கொடுத்து விட்டே புறப்படுவேன். குறித்த நேரம் தாண்டினால் அவர்கள் எனக்கு அழைப்பார்கள். “பச்சை பைலை எடுத்து வையுங்கள்” என்று நான் சொன்னால், ஆபத்து, பொலிஸ் அவசர இலக்கமான 119 ஐ அழையுங்கள் என்பது பொருள். எங்களிடம் பச்சை பைலே கிடையாது.

3. பகலில் மட்டும் காட்டுவது. வெறும் வீடுகளில் பெரும்பாலும் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே போய்க் கதவு, யன்னல்களைத் திறந்து வைப்பேன். வாடிக்கையாளர் முன்னே நடப்பார், நான் வாசல் பக்கம் நிற்பேன். வாகனத்தை வீதியைப் பார்த்தபடி, வேறு வாகனம் மறிக்க முடியாதவாறு நிறுத்துவேன். பற்றைக் காணியானால், அவ்விடத்தை அறிந்த ஒருவர் துணையின்றி இறங்குவதில்லை. கட்டில்லாத பழைய கிணறு பற்றைக்குள் மறைந்திருக்கும்.

4. கையில் பணம் இல்லை. முற்பணம் வங்கி மூலம் மட்டுமே. அசல் உறுதியைக் கொண்டு போவதில்லை, பிரதி போதும். சாவியை யாரிடமும் இரவல் கொடுப்பதில்லை. உரிமையாளர் வெளிநாட்டில் என்றோ, வீடு வெறுமையாக உள்ளது என்றோ விளம்பரத்திலும் தொலைபேசியிலும் சொல்வதில்லை.

5. பங்காளிகளுக்கிடையே வழக்கோ தகராறோ உள்ள காணிக்குத் தனியே போவதில்லை. அவர்களின் கோபத்துக்கு முதலில் அகப்படுபவர் தரகர்தான்.

“இப்படியெல்லாம் கேட்டால் வாடிக்கையாளர் ஓடி விடுவாரே” என்று தொழிலுக்குப் புதிய தம்பிமார் கேட்கிறார்கள். வங்கியில் கணக்குத் திறக்கவும் அடையாள அட்டை கேட்கிறார்கள். யாரும் கோபித்துக் கொண்டு எழுந்து போவதில்லை. கடந்த வருடம் ஒருவர் அட்டையைக் காட்ட மறுத்து, வேறு தரகரைப் பார்க்கிறேன் என்று போய் விட்டார். நல்லவராகவும் இருந்திருக்கலாம். ஒரு கொமிஷன் போயிற்று. அன்றிரவு நான் வீட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

தெஹிவளையில் நான் இழந்த 60,000 ரூபாவைத் தவணை முறையில் கொடுத்து முடிக்க ஏழு மாதங்கள் சென்றன. உயிர் போயிருந்தால் அதைத் தவணையில் திருப்பியிருக்க முடியாது. அடுத்த முறை சாவியோடு புறப்படும் முன், உங்கள் டயரியில் உள்ள பெயரை ஒருமுறை பாருங்கள். அவர் யார் என்று உங்களுக்கு உண்மையில் தெரியுமா?