வியன்னாவும் புடாபெஸ்ட்டும் ரயிலில்: 24 பயனுள்ள குறிப்புகள்

ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் இரட்டைத் தலைநகரங்களாக இருந்தவை வியன்னாவும் புடாபெஸ்ட்டும். 1918-ல் பேரரசு கலைந்தது. ஊர்கள் இரண்டும் வேறு வேறு நாடுகளுக்குத் தலைநகரங்களாயின. இடையே ரயிலில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம்தான். ஒரே அரச குடும்பம் ஆண்ட ஊர்கள் என்பதால் அரண்மனை, ஓபரா, பழைய கபே எல்லாம் இரண்டிலும் உண்டு. அத்தனையையும் இரண்டு முறை பார்க்கப் புறப்பட்டால் அலுப்புத்தான் மிஞ்சும். அரண்மனை, ஓவியம், இசை ஆகியவற்றை வியன்னாவுக்கும், ஆறு, வெந்நீர்க் குளம், இரவு விளக்குகள் ஆகியவற்றை புடாபெஸ்ட்டுக்கும் ஒதுக்குங்கள். காசும் மிச்சமாகும், காலும் பிழைக்கும்.

புறப்படும் முன்

1. விமான டிக்கெட்டை வியன்னாவில் இறங்கி புடாபெஸ்ட்டிலிருந்து திரும்புவதாக எடுங்கள். முன்பதிவுத் தளங்களில் 'மல்டி சிட்டி' என்ற பிரிவில் இது கிடைக்கும். விமானம் பிடிப்பதற்காகவே மறுபடி வியன்னாவுக்குத் திரும்பும் செலவும் அரை நாளும் மிச்சம்.

2. இரண்டு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆகவே ஹோட்டல் இரவுகளை எண்ணிப் பார்த்த பிறகே படிவத்தை நிரப்புங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் தாமதிக்க வேண்டாம்.

3. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் புகைப்படமும் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்துவிட்டது. விமான நிலைய வரிசைக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கட்டுச்சோற்றுப் பையில் நெய், பால்கோவா, பால் இனிப்புகள் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் பெரும்பாலான காய்கனிகளுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தட்டை, முறுக்கு இவற்றால் சிக்கல் இல்லை. புளிக்காய்ச்சலை எண்ணெய் கசியாத டப்பாவில் அடைத்து, செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

5. அங்கே பிளக் இரண்டு உருண்டைக் குச்சி கொண்டது. நம் மெல்லிய இரண்டு முனை போன் சார்ஜர்கள் பெரும்பாலும் பொருந்திவிடும். மூன்று முனை பிளக்குகள் பொருந்தா. ஆளுக்கொரு அடாப்டர் வாங்குவதற்குப் பதில் ஓர் அடாப்டரும் சிறிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துச் சென்றால் குடும்பம் முழுக்க சார்ஜ் போடலாம்.

6. கிழமை பார்த்துத் திட்டமிடுங்கள். வியன்னாவில் ஞாயிறன்று கடைகள் அநேகமாக மூடியிருக்கும்; மத்திய ரயில் நிலையத்தில் உள்ள சூப்பர் மார்க்கெட் போன்ற சிலவே திறந்திருக்கும். புடாபெஸ்ட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டு ஊரிலும் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. கடைத்தெருவை ஞாயிறன்றும் அருங்காட்சியகத்தைத் திங்களன்றும் வைக்காதீர்கள். ஊர் மாறும் ரயில் பயணத்துக்குத் திங்கள் தோதான நாள்.

ரயிலில்

7. இந்தத் தடத்தில் ஓடும் முக்கியமான வண்டி ரயில்ஜெட். ஆஸ்திரிய ரயில்வேயின் தளத்தில் 'ஸ்பார்ஷீனே' என்ற சலுகைக் கட்டணம் இருக்கிறது. முன்கூட்டி எடுத்தால் மலிவு. ஆனால் குறிப்பிட்ட வண்டியில்தான் போகலாம், ரத்து செய்தால் பணம் வராது. எனவே விசா கைக்கு வந்த பின் எடுங்கள். ஆறு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

8. டிக்கெட் எடுத்துவிட்டால் இருக்கை கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இருக்கை முன்பதிவு தனி. அதற்குச் சிறு கட்டணம் உண்டு. வயதானவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். பதிவு செய்யாதவர்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை பதிவாகியிருக்கிறது என்று இருக்கையருகே தெரியும் சிறு திரையைப் பார்த்துவிட்டு, காலியான இடத்தில் உட்காரலாம்.

9. பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று மின்பலகை காட்டும். அங்கே போய் நின்றுகொள்ளுங்கள். வண்டி சில நிமிடங்களே நிற்கும். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். சில வண்டிகளில் பாதிப் பெட்டிகள் வழியிலேயே கழன்று வேறு ஊருக்குப் போகும் என்பதால் பெட்டி எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள்.

10. போர்ட்டர் கிடையாது. ஒரு பெரிய சூட்கேஸைவிட இரண்டு நடுத்தரப் பெட்டிகள் நல்லது. படியேற்றவும் இருக்கைகளுக்கு இடையில் செருகவும் சுலபம். கல் பாவிய தெருக்களில் சின்னச் சக்கரங்கள் உடைந்துபோகும். இரண்டு ஊர் நிலையங்களிலும் லாக்கர் உண்டு. அறை காலி செய்த பிறகும் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளப் பல ஹோட்டல்கள் தயங்குவதில்லை.

11. பொதுக் கழிப்பறைகளுக்கு ஐரோப்பாவில் காசு கேட்பார்கள், ரயிலில் இலவசம். இறங்குவதற்கு முன் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குள் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் இருக்காது. ஒரு காலி தண்ணீர் பாட்டிலும் ஈர டிஷ்யூவும் கைப்பையில் இருக்கட்டும்.

12. வழியில் முதலில் வருவது ஆஸ்திரியாவின் காற்றாலைக் காடு. ஹெகியெஷாலோம் நிலையத்தில் ஹங்கேரி தொடங்குகிறது. பிறகு கியோர் நகரம். தாத்தாபானியா ஊரைக் கடக்கும்போது மலைமுகட்டைக் கவனியுங்கள்: 1907-ல் நிறுவப்பட்ட 'துருல்' என்னும் புராணப் பறவையின் பிரம்மாண்டமான சிலை சிறகு விரித்து நிற்கும்.

13. எங்கே இறங்குவது என்பதை ஹோட்டல் முகவரி முடிவு செய்யட்டும். புடா கரையில் அறை என்றால் கெலென்ஃபோல்டில் இறங்குவது வசதி. பெஸ்ட் கரை என்றால் டான்யூப் பாலத்தைத் தாண்டி, 1884-ல் திறந்த கெலெட்டி நிலையம் வரை போகலாம். இரண்டு நிலையங்களையும் மெட்ரோ 4 இணைக்கிறது. கெலெட்டி வாசலில் 'டாக்ஸி, டாக்ஸி' என்று அருகில் வருபவர்களைத் தவிர்த்து, செயலி மூலம் வண்டி அழையுங்கள்.

14. எல்லையில் நின்று முத்திரை குத்தும் வேலை இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். புடாபெஸ்ட்டிலிருந்து வியன்னா வரும் வண்டிகளில் போலீசார் ஏறிக் கேட்பது உண்டு. வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. டிக்கெட்டை அழித்துவிடாதீர்கள்.

வியன்னாவில்

15. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர, பளிச்சென்று விளம்பரம் செய்யும் சிறப்பு ரயிலைவிட எஸ்7 புறநகர் ரயிலும் ரயில்ஜெட்டும் மலிவு. ரயில்ஜெட் கால் மணி நேரத்தில் மத்திய நிலையத்தில் விட்டுவிடும். அங்கிருந்து யு1 மெட்ரோவில் ஏறினால் புனித ஸ்டீபன் பேராலயம்.

16. மத்திய நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், மேல் பெல்வெடேர் அரண்மனைக்கு. கிளிம்ட் வரைந்த 'முத்தம்' ஓவியம் அங்கேதான் இருக்கிறது. ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தால், லாக்கரில் பெட்டியை வைத்துவிட்டு இதைப் பார்த்து வந்துவிடலாம்.

17. ஷோன்ப்ருன் அரண்மனை 1,441 அறைகள் கொண்டது. பார்வைக்குத் திறந்திருப்பது சிறு பகுதிதான். ஆறு வயது மோட்சார்ட் 1762-ல் பேரரசி மரியா தெரசா முன் வாசித்த அரண்மனை இது. டிக்கெட்டில் நுழைவு நேரம் குறித்திருக்கும், எனவே முன்பதிவு செய்து நேரத்துக்குப் போங்கள். பெரிய தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மேட்டில் இருக்கும் குளோரியெட் மண்டபம் வரை நடந்தால் நகரம் முழுதும் தெரியும். இதைப் பார்த்தவர்கள் புடாபெஸ்ட்டில் புடா அரண்மனைக்குள் போகாவிட்டாலும் குறையில்லை. அங்கே வெளியிலிருந்து ஆற்றைப் பார்ப்பதுதான் அழகு.

18. ரிங் சாலையைச் சுற்ற சுற்றுலா டிராம் தேவையில்லை. நாள் பாஸ் எடுத்து 1, 2 எண் சாதாரண டிராம்களில் மாறி ஏறினால் ஓபரா, நாடாளுமன்றம், நகர மன்றம் எல்லாம் சன்னலோரமே வந்துவிடும். 1869-ல் திறந்த அரசு ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தெருவில் மோட்சார்ட் வேடம் போட்டு டிக்கெட் விற்பவர்கள் விற்பது சுற்றுலாப் பயணிகளுக்கான தனியார் கச்சேரி. அரசு ஓபரா என்று நினைத்து வாங்காதீர்கள்.

புடாபெஸ்ட்டில்

19. டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். மெட்ரோவில் எஸ்கலேட்டருக்கு முன்பே இது முடிந்துவிட வேண்டும். பரிசோதகர்கள் சுற்றுலாப் பயணி என்று விட்டுவிட மாட்டார்கள். 24 அல்லது 72 மணி நேரப் பாஸ் எடுத்தால் இந்தக் கவலை இல்லை. எஸ்கலேட்டர்கள் ஆழமானவை, வேகமானவை. புடவை, வேட்டி கட்டியவர்கள் முந்தானையையும் கரையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் நில்லுங்கள்.

20. பாஸ் கையில் இருந்தால் இரண்டு பயணங்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று, 1896-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோ 1. ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். மற்றது, பெஸ்ட் கரையோரம் ஆற்றை ஒட்டியே ஓடும் டிராம் 2. நாடாளுமன்றம், சங்கிலிப் பாலம், பெரிய சந்தைக்கூடம் மூன்றும் இதன் வழியில் இருக்கின்றன.

21. நாடாளுமன்றத்தின் குவிமாடம் 96 மீட்டர் உயரம். மகியார் இனத்தார் இந்நிலத்துக்கு வந்த 896-ஆம் ஆண்டை நினைவூட்டும் அளவு. உள்ளே போக வழிகாட்டியோடு கூடிய டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டி வாங்குங்கள். ஐரோப்பியரல்லாதோருக்குக் கட்டணம் அதிகம். வெளியழகு போதும் என்பவர்கள் இருட்டியதும் மெட்ரோ 2-ல் எதிர்க்கரையிலுள்ள பாத்யானி சதுக்கத்தில் இறங்குங்கள். விளக்கொளியில் முழுக் கட்டடமும் நேர் எதிரே நிற்கும், செலவே இல்லாமல். கோடையில் இருட்ட ஒன்பது மணிக்கு மேலாகும். இரவு உணவை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

22. 1913-ல் திறந்த செச்சேனி வெந்நீர்க் குளத்துக்கு மெட்ரோ 1 வாசலிலேயே விடும். நீச்சல் உடை, துண்டு, ரப்பர் செருப்பு மூன்றையும் கொண்டுபோனால் வாடகை மிச்சம். நீந்துவதற்கென உள்ள குளத்தில் இறங்கத் தலைக்குத் தொப்பி வேண்டும். சில குளங்களில் சிறுவர்களுக்கு வயது வரம்பு இருப்பதால், பிள்ளைகளோடு போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் விதியைப் படித்துவிடுங்கள்.

பணமும் சாப்பாடும்

23. ஆஸ்திரியாவில் யூரோ, ஹங்கேரியில் ஃபோரின்ட். கார்டு தேய்க்கும்போதும் ஏடிஎம்மிலும் 'ரூபாயில் கழிக்கவா?' என்று திரை கேட்டால் மறுத்து, அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் இழப்பு குறையும். புடாபெஸ்ட் உணவகங்களில் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள். நோட்டை நீட்டும்போதே நன்றி சொன்னால் 'மீதி உங்களுக்கே' என்று எடுத்துக்கொள்வார்கள். சில்லறை வேண்டுமானால் அது வந்த பிறகு நன்றி சொல்லுங்கள். பாட்டில், கேன் பானங்களுக்கு ஆஸ்திரியாவில் 25 சென்ட், ஹங்கேரியில் 50 ஃபோரின்ட் முன்பணம் பிடிப்பார்கள். காலியானதைச் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். அந்தந்த நாட்டிலேயே போட்டுவிட வேண்டும். இரண்டு ஊரிலும் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. வியன்னாவுக்கு 1873 முதல் ஆல்ப்ஸ் ஊற்றுநீர்தான் வருகிறது. ஒரு பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடித்தாலே போதும்.

24. சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வியன்னாவில் பாலாடைக்கட்டி சேர்த்த கேஸெஷ்பெட்ஸ்லே, ஆப்பிள் ஷ்ட்ரூடல் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். முன்னதில் முட்டை சேரும். புடாபெஸ்ட்டில் பூண்டும் புளித்த கிரீமும் தடவிய லாங்கோஷ் என்ற எண்ணெய்ப் பலகாரம் கிடைக்கும். ஃபோஸெலேக் நம் கூட்டு மாதிரி கெட்டியாக வெந்த காய். மேலே இறைச்சி வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூப்புகளில் இறைச்சிச் சாறும், சமையலில் பன்றிக் கொழுப்பும் சேர்வது அங்கே வழக்கம், ஆகவே 'காய்கறி சூப்' என்று எழுதியிருந்தாலும் விசாரித்த பிறகே கரண்டியை எடுங்கள்.