ஒரே படிவம், வகுப்புக்கே அறிக்கை

நாற்பது மாணவர்களின் தேர்ச்சி அறிக்கையைத் தனித்தனியாக அடிக்க வேண்டாம். எக்செல் பட்டியலிலுள்ள விவரங்களை ஒரே படிவத்தில் ஒவ்வொருவருக்கும் நிரப்பித் தரும் வேர்டின் ‘மெயில் மெர்ஜ்’ போதும்.

● எக்செல்லின் முதல் வரியில் பெயர், வகுப்பு, மதிப்பெண் எனத் தலைப்புகள். பிறகு ஆளுக்கொரு வரி. கட்டங்களை இணைக்காதீர்கள்.

● ‘007’ என்ற எண்ணின் முன்பூஜ்யம் மறையாதிருக்க, உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள்.

● வேர்டு படிவத்துடன் அந்த எக்செல் பட்டியலை இணைத்தபின், பெயர் வரவேண்டிய இடத்தில் ‘இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்டு’ மூலமே சேருங்கள். பெயரைச் சுற்றிவரும் « » குறிகளைக் கையால் அடித்தால் வேலை செய்யாது.

● படிவத்தை ‘வேர்டு டெம்ப்ளேட்’ ஆகச் சேமியுங்கள். கோப்பை இருமுறை சொடுக்கினால் புது நகல்தான் திறக்கும். மூலத்தைத் திருத்த, வேர்டுக்குள் ‘ஓப்பன்’ வழியாகத் திறங்கள்.

● அச்சிடும் முன், மிக நீளமான பெயரையும் மதிப்பெண் விடுபட்ட வரியையும் முன்னோட்டத்தில் பாருங்கள். எந்தப் பிள்ளையின் அறிக்கையிலும் பிழை இருக்கக் கூடாது.