வானத்து வழியை எழுதும் கோப்பு

வானத்தில் சாலை கிடையாது. ஆயினும் விமானம் மனம்போன போக்கில் பறப்பதில்லை. ஓடுபாதையை விட்டு எழும்பியதும் எந்தெந்தப் புள்ளிகளின் மேலாக, எவ்வளவு உயரத்தில் செல்ல வேண்டும் என்பது பெரிய விமான நிலையங்களில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டுள்ளது. இதற்குப் புறப்பாட்டு முறை என்று பெயர். இறங்க வரும்பொழுது பின்பற்றுவது வருகை முறை. மலையில் மோதாமலும், பிற விமானங்களின் குறுக்கே செல்லாமலும் இருப்பதற்கான ஏற்பாடு இது.

வீட்டுக் கணிப்பொறியில் விமானம் ஓட்டிப் பழகும் ‘ஃப்ளைட் சிமுலேட்டர்’ என்னும் விளையாட்டைத் தோழியர் பலர் பார்த்திருப்பீர்கள். அண்ணன்மாரின் விளையாட்டு என்று ஒதுங்கி நிற்போருக்கு ஒரு செய்தி. மேற்சொன்ன முறைகள் அந்த விளையாட்டினுள்ளும் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றை நாமே திறந்து திருத்தலாம். அதற்கு வேண்டியவை வேகமான விரல்கள் அல்ல. ஆறாம் வகுப்புக் கணக்கும், எழுத்துப்பிழை காணும் கண்ணும்தான்.

திருத்துவானேன்? விமான நிலையத்தார் தம் முறைகளை அவ்வப்போது மாற்றுகின்றனர். உலகெங்கும் இம்மாற்றங்கள் 28 நாட்களுக்கு ஒருமுறை வரும் குறித்த தேதிகளில் நடைமுறைக்கு வருகின்றன. விளையாட்டிலோ பழைய கோப்பே கிடக்கும்.

ஒரு விமான நிலையத்துக்கு ஒரு கோப்பு. அதன் பெயர் நான்கு எழுத்துகள். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் காலி என்றொரு நகரம் உண்டு. (பெயரைக் கண்டு சிரிக்க வேண்டாம்; பெரிய நகரம்.) அதன் விமான நிலையத்தின் குறி எஸ்.கே.சி.எல். முதல் இரண்டு எழுத்துகள் கொலம்பியாவைக் குறிக்கும். பி.எம்.டி.ஜி. நிறுவனம் தன் போயிங் விமானங்களுக்காக வகுத்த கோப்பில் முதலில் வருவது புள்ளிகளின் பட்டியல்: பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை. அடுத்து ஓடுபாதைகள். அதன்பின் புறப்பாட்டு முறைகளும் வருகை முறைகளும். எல்லாம் சாதாரண எழுத்தில், வரிவரியாக இருக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். அச்சிட்ட வரைபடத்தில் ஒரு புள்ளி வடக்கு 3 டிகிரி 32 நிமிடம் 36 விநாடி என்று இருப்பதாகக் கொள்வோம். நமது கோப்போ விநாடியை ஏற்காது. நிமிடத்தைத் தசமத்தில் கேட்கும். அவசரக்காரி 32.36 என்று எழுதிவிடுவாள். அது பிழை. ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. ஆகவே 36-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.6; எழுத வேண்டியது 32.6. இரண்டுக்கும் வித்தியாசம் 0.24 நிமிடம். இதென்ன பிரமாதம் என்று கேட்கலாம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆகவே புள்ளி ஏறக்குறைய 444 மீட்டர் நகர்ந்துவிடும்! ஓடுபாதையின் அகலமோ 45 மீட்டர் அளவுதான். கணக்கு நோட்டில் இதற்கு அரை மதிப்பெண் குறையும். இங்கே விமானம் புல்வெளியில் இறங்கும்.

எண்ணை விடவும் ஏமாற்றக்கூடியது பெயர். புள்ளிகளுக்கு ஐந்தெழுத்துப் பெயர் வைப்பது வழக்கம். ஆனால் தரையிலுள்ள வானொலி வழிகாட்டி நிலையங்களுக்கு ஓரெழுத்து முதல் மூன்றெழுத்து வரையே குறி. ஒரே குறி பல ஊர்களில் இருக்கும். இதனால் நேர்ந்த துயரம் ஒன்று மேற்சொன்ன காலி நகரத்தருகேதான் நடந்தது.

1995 டிசம்பர் 20 இரவு. மயாமியிலிருந்து 163 பேருடன் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 757 விமானம் காலியை நெருங்கியது. நகரத்தைத் தாண்டிச் சென்று தெற்கிலிருந்து திரும்பி இறங்குவதாக இருந்தது. வடக்கிலிருந்து நேராகவே இறங்கலாமே என்றார் கட்டுப்பாட்டாளர். விமானிகள் ஒப்புக்கொண்டனர்; அவசரம் தொற்றிக்கொண்டது. வழியிலுள்ள ரோசோ நிலையத்துக்கு வரைபடத்தில் ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்தே குறி. கணிப்பொறியிலும் அவ்வெழுத்தையே அழுத்தினர். ஆனால் தரவுக் கோப்பில் ‘ஆர்’ என்பது பொகோட்டா நகரத்தருகேயுள்ள ரோமியோ நிலையம்; ரோசோ வேண்டுமானால் அப்பெயரை முழுமையாக எழுத வேண்டும். விமானம் இறங்கியபடியே இடப்புறம், கிழக்கே மலைகளை நோக்கித் திரும்பியது. விமானிகள் உணர்ந்து வலப்புறம் திருப்புவதற்குள் மலை நடுவே வந்துவிட்டனர். எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. மேலே எழுப்ப முயன்றனர். வேகத்தைக் குறைக்க இறக்கைமேல் விரித்த தகடுகளை மடக்கவில்லை. 159 பேர் மாண்டனர், நால்வர் பிழைத்தனர்.

திரையில் புதிய வழி கோணலாகத் தெரிந்திருக்கும். இருவரும் சரிபார்க்காமலே அதை ஏற்றுக்கொண்டனர். எனினும் பொறுப்பு அவர்களோடு நிற்கவில்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்ற ஜூரிகள் விமான நிறுவனத்துக்கு 75 சதவிகிதம், வரைபடமும் தரவும் தந்த ஜெப்பசன் நிறுவனத்துக்கு 17 சதவிகிதம், கணிப்பொறி செய்த ஹனிவெல்லுக்கு 8 சதவிகிதம் எனப் பொறுப்பைப் பங்கிட்டனர். விமானத்தில் ஏறாமல் மேசையில் அமர்ந்து எழுதியவருக்கும் பங்கு உண்டு என்பதைக் கவனியுங்கள்.

நம் விளையாட்டில் யாருக்கும் ஆபத்தில்லை. ஆயினும் திருத்துமுன் பழைய கோப்பை வேறு பெயரில் பத்திரப்படுத்துங்கள். ‘5000 அடியில்’ என்பதும் ‘5000 அடி அல்லது அதற்கு மேல்’ என்பதும் ஒன்றல்ல; வரைபடத்தைப் பார்த்து எழுதுங்கள். முடித்தபின் ஒரு தோழியை வரைபடத்தைப் படிக்கச் சொல்லி, நீங்கள் கோப்பைப் பாருங்கள். பிறகு விமானத்தை எழுப்பாமலே திரையில் வழியை வரையச் செய்து, புள்ளி புள்ளியாக நோக்குங்கள். எழுத்துப்பிழை உடனே பல்லிளிக்கும். காலி நகரம் மேற்குத் தீர்க்கரேகை 76 டிகிரியில் உள்ளது. மேற்கு என்பதற்குக் கிழக்கு என்று ஓர் எழுத்து மாற்றி எழுதினால், அந்தப் புள்ளி கன்னியாகுமரிக்குத் தெற்கே இந்துமாக் கடலில் போய் நிற்கும். திரையில் கோடு பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும்.