எஸ்ஆர்வி கேட்டா ஐபி-யும் சேர்ந்து வருமா?

மினி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சாட் ஆப் எழுதினேன். லேபில் ஓடியது. ஹாஸ்டல் வைஃபையில் "சர்வர் கிடைக்கவில்லை" என்று நின்றுவிட்டது. வைஃபையைத் திட்டினேன், தப்பு என் கோடில்தான்.

எக்ஸ்எம்பிபி சர்வர் எங்கே இருக்குன்னு டிஎன்எஸ்-இடம் எஸ்ஆர்வி ரெக்கார்டு கேட்டால் முன்னுரிமை, எடை, போர்ட், சர்வரின் பெயர் என நாலு விஷயம் வரும். கவனிங்க, பெயர்தான் வரும். ஐபி முகவரி கிடையாது. அந்த முகவரியையும் கேட்காமலே பதிலின் 'அடிஷனல்' பகுதியில் சர்வர் வைத்து அனுப்பலாம். உங்களுக்கு இன்னொரு கேள்வி மிச்சம். ஆனா 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2782, 'சேர்த்து அனுப்புங்க' என்று வலியுறுத்துகிறதே தவிர, கட்டாயமாக்கவில்லை.

லேபில் அந்த டொமைனின் சொந்த சர்வரையே நேராகக் கேட்டேன், முகவரியும் கூடவே வந்தது. ஹாஸ்டலில் நடுவே ஒரு ரிசால்வர். பைண்ட் மென்பொருளில் 'மினிமல் ரெஸ்பான்சஸ்' என்பதை 'யெஸ்' என்று வைத்தால், தேவையில்லாத கூடுதல் ரெக்கார்டுகள் வராது. யுடிபி-யின் பழைய 512 பைட் வரம்பில் இடம் போதாவிட்டாலும் முதலில் கழற்றிவிடப்படுவது இவைதான். அப்போது 'பதில் துண்டிக்கப்பட்டது' என்ற டிசி கொடியையும் எதிர்பார்க்காதீங்க. சர்வர் பெயர் வேறொரு டொமைனில் இருந்தால், கூட வந்த முகவரியை ரிசால்வர் நம்பாமல் ஒதுக்கிவிடும். டான் கமின்ஸ்கி 2008-இல் காட்டிய கேஷ் விஷமேற்றலை நினைச்சா, அந்தச் சந்தேகம் நியாயம்தான்.

அதனால் அடிஷனலில் முகவரி இருந்தால் எடுத்துக்கோங்க. இல்லைன்னா அந்தப் பெயருக்கு ஏ, குவாட்-ஏ இரண்டையும் தனியாகக் கேளுங்க. ஏ மட்டும் வந்திருந்தால், ஐபிவி6 முகவரியே இல்லைன்னு முடிவு கட்டிடாதீங்க. என் கோடில் இதுக்குப் பத்து வரிகூட ஆகவில்லை.