ஐபாடை விஞ்சிய ஸ்பீக்கர் விலை

2006 பிப்ரவரியில் ஆப்பிள் ‘ஐபாட் ஹை-ஃபை’ ஸ்பீக்கரை 349 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. அப்போது 30 ஜிபி ஐபாடின் விலையே 299 டாலர்தான்! அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஸ்பீக்கர் விற்பனைக்கு மூடுவிழா.

கூடவே வந்த 99 டாலர் தோல் உறை இன்னும் வேடிக்கை. பாட்டை மாற்ற வேண்டுமென்றால் ஐபாடை உறையிலிருந்து வெளியே இழுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட துணைக்கருவிக்குப் பணம் கொடுக்குமுன் முதலில் பார்க்க வேண்டியது, அது எதனுடன் இணையும் என்பது. ஹை-ஃபையில் இருந்தது ஐபாடைச் செருகும் 30 பின் டாக். 2012-ல் ஐபோன் 5 ‘லைட்னிங்’ இணைப்புக்கு மாறியதும், அந்த டாக்கை மட்டுமே நம்பிய ஸ்பீக்கர்கள் மூலைக்குப் போயின. ஹை-ஃபையின் பின்புறம் சாதாரண 3.5 மி.மீ. ஆடியோ துளையும் உண்டு. ஒரு வயர் போட்டால் இன்றைக்கும் பாடும். அந்தச் சின்னத் துளைக்காகவே நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அடுத்தது ஒலி. கடையில் இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். சற்று உரக்கப் பாடுவதுதான் காதுக்கு உசத்தியாகத் தோன்றும் (விற்பவருக்கு இது நன்றாகவே தெரியும்). பேட்டரியை மாற்ற முடியுமா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் பில் போடுமுன் கேட்டுவிடுங்கள்.