கேள்வி எங்கே தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

ஜெயலலிதாவைக் கரண் தாப்பர் கண்ட பேட்டி பற்றி மக்கள் இன்று என்ன நினைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். முதல் தடவை சுவாரசியமாக இருந்தது. இரண்டாம் தடவை எரிச்சல் வந்தது. எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். பாராட்டுவதற்கு உங்களுக்கு வேறு ஆட்கள் இருப்பார்கள்.

அத்தனை பக்கங்களில் கரண் தாப்பர் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. அவர் புருவம் உயர்த்தியது இருக்கிறது. குறுக்கிட்டது இருக்கிறது. ‘அம்மா கெத்து’ என்ற கல்லூரி மாணவி இருக்கிறார், ‘அந்த ஆளுக்கு ரொம்பத் திமிர்’ என்ற ஆட்டோ ஓட்டுநர் இருக்கிறார். என்ன கேட்டார், பதில் வந்ததா? இந்த இரண்டும் இல்லாமல் ஒரு பேட்டியைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்தப் பேட்டி 2004 அக்டோபரில் பிபிசியின் ‘ஹார்ட்டாக் இந்தியா’வில் வந்தது. முழுக்க ஆங்கிலம். அன்றைக்கு அதைத் தொடக்கத்திலிருந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் கொஞ்சம் பேர்தான். உங்களிடம் பேசியவர்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பின்னணி இசை ஏற்றிய அரை நிமிடத் துண்டு. நன்றி சொன்ன தாப்பரிடம் ஜெயலலிதா, உங்களோடு பேசியதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி வணக்கம் வைத்து முடிக்கும் அந்தக் கடைசிக் காட்சி. பேட்டி எப்படி என்று அவர்களைக் கேட்டால் அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். நீங்களும் அதையே பேட்டி பற்றிய கருத்து என்று அச்சேற்றிவிட்டீர்கள்.

அதற்கு முந்தைய சில மாதங்களில் நடந்ததை ஒரு பத்தியிலாவது சொல்லியிருக்க வேண்டாமா? 2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் முதல்வர் ஜெயலலிதாவின் கூட்டணிக்குத் தோல்வி. அடுத்த சில நாட்களுக்குள் அறிவிப்பு மேல் அறிவிப்பு: மதமாற்றத் தடைச் சட்டம் வாபஸ், விவசாயிகளுக்கு மறுபடி இலவச மின்சாரம், பத்திரிகைகள் மீதான வழக்குகள் வாபஸ், 2003 வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட அரசு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் ரத்து. இவையெல்லாம் மனமாற்றமா, ஓட்டுப் பயமா என்பது எந்த முதல்வரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்க வந்தவர் ஜோசியம், எண்கணிதம், அமைச்சர்கள் காலில் விழுவது என்றும் இறங்கினார். என் கணக்கில் பேட்டி தோற்றது அங்கேதான். கொள்கை பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும். இந்த மாதிரிக் கேள்விக்குக் கோபப்பட்டால் போதும், ஜனங்கள் கோபப்பட்டவர் பக்கம் போய்விடுவார்கள். அந்த அம்மையாருக்கு இது நன்றாகத் தெரியும். 1999-இல் சிமி கரேவாலின் நிகழ்ச்சியில் கூச்சத்தோடு இந்திப் பாட்டுப் பாடியவரும் அவரேதான். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து ஆளே மாறக்கூடியவர்.

இனி என்னுடைய பழைய பல்லவி. என்னை அறிந்தவர்கள் இந்த இடத்தில் எழுந்து காபி குடிக்கப் போவார்கள். பேட்டி எடுப்பவர் முகத்தை ஏன் இத்தனை தடவை காட்டுகிறார்கள்?

பிபிசியில் 1959 முதல் 1962 வரை ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. நடத்தியவர் ஜான் ஃப்ரீமன். பிற்பாடு டெல்லியில் பிரிட்டிஷ் ஹை கமிஷனராக இருந்தாரே, அவர்தான். யுங்கும் மார்ட்டின் லூதர் கிங்கும் வந்து உட்கார்ந்த நாற்காலி அது. ஃப்ரீமனின் முதுகு தெரியும், தோள் தெரியும். முகம் தெரிவது அபூர்வம். கேமரா விருந்தினரின் முகத்தை விட்டு நகராது. பதிலைத் தேடுகிற கண்ணைப் பார்வையாளர் தாமே பார்த்து முடிவு செய்துகொள்வார். நம் ஊர் தொலைக்காட்சியின் பேனல் ரூமில், அதாவது கேமராக் காட்சிகளை மாற்றும் அறையில், நான் உட்கார்ந்திருந்த காலத்தில் நடந்தது நேர் எதிர். அமைச்சர் பதில் தெரியாமல் தண்ணீர் கிளாஸைத் தேடும் அந்த நொடியில், “ரியாக்‌ஷன் போ, ரியாக்‌ஷன் போ” என்று டாக்பேக்கில் குரல் வரும். திரையில் நெறியாளரின் நமுட்டுச் சிரிப்பு. மறுநாள் எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசுவார்கள். அமைச்சர் தப்பித்தார். ‘நெறியாளருக்குத் திமிர்’ என்று உங்களிடம் சொன்னாரே அந்த ஆட்டோக்காரர், அவர் கருத்தில் பாதி ஸ்விட்சர் பட்டனை அழுத்தியவரின் விரலுக்குச் சொந்தம்.

விடாமல் துரத்திக் கேட்பதுதான் நல்ல நெறியாளருக்கு அடையாளம் என்று ஜெரமி பாக்ஸ்மனை இழுத்திருக்கிறீர்கள். 1997 மே 13 அன்று ‘நியூஸ்நைட்’டில் பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு தடவை கேட்டார், உண்மை. ஆனால் அடுத்த செய்திப் படம் தயாராகவில்லை, நேரத்தை ஓட்டத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று அவரே பின்னாளில் சொல்லிவிட்டார். அதைப் பார்த்துப் புல்லரித்த பார்வையாளர்களை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

பார்வையாளர் கருத்தை எப்படிக் கேட்பது என்பதற்கு டேவிட் ஃப்ராஸ்ட் விவகாரத்தைப் பாருங்கள். 1977-இல், வாட்டர்கேட் விவகாரத்தில் பதவி விலகிய அமெரிக்க அதிபர் நிக்ஸனைப் பேட்டி கண்டார். இவர் கேளிக்கைக்காரர், இவருக்கு என்ன அரசியல் என்று முன்கூட்டியே ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஒளிபரப்புக்குப் பின் கேலப் நிறுவனம் மக்களிடம் கேட்டது ஃப்ராஸ்ட்டைப் பற்றி அல்ல. நிக்ஸன் குற்றவாளி என்று இப்போதும் நினைக்கிறீர்களா என்று. பத்தில் ஏழு பேர் ஆமாம் என்றார்கள்.

சென்னைத் தொலைக்காட்சியில் ‘எதிரொலி’ என்று நேயர் கடிதங்களுக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். போஸ்ட் கார்டில் எழுதிப் போடுவார்கள். இடம் கொஞ்சம், காசு செலவு, தபால் போய்ச் சேரவே இரண்டு நாள். அதனால் நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள். புடவை நிறம், கண்ணாடி பிரேம் பற்றிய முனகல் அதிலும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ‘அவர் அதைக் கேட்டிருக்கலாமே’ என்று எழுதும் ஒரு தலைமையாசிரியரோ தையற்காரரோ எங்கிருந்தாவது வந்துவிடுவார்.

உங்கள் கட்டுரையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். 2003 வேலைநிறுத்தத்தில் வேலை போய்த் திரும்பக் கிடைத்த அந்த ஓய்வுபெற்ற எழுத்தர். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வாக்கியம் வாக்கியமாக அர்த்தம் கேட்டுக்கொண்டே அந்தப் பேட்டியைப் பார்த்ததாகவும், “எங்களைப் பத்தி இன்னும் ரெண்டு கேள்வி கேப்பாருன்னு காத்திருந்தேன்” என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அந்தப் பத்திக்காக உங்களுக்கு எதுவும் கொடுக்கலாம். ஒரு அலங்காரச் சொல் இல்லை. தொலைக்காட்சி பற்றித் தமிழில் நான் படித்த பத்திகளில் இதற்குப் பக்கத்தில் வைக்க வேறொன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அதைக் கொண்டுபோய் ‘இதர கருத்துகள்’ என்ற தலைப்பின் கீழ் நான்காம் பக்கத்தில் புதைத்திருக்கிறீர்களே, அதற்கு என்ன செய்வது!

ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் சந்தித்த அத்தனை பேரிடமும் திரும்பப் போங்கள். முழுப் பேட்டியையும் போட்டுக் காட்டுங்கள். ஆங்கிலம் தடுக்கும் இடத்தில் நிறுத்திச் சொல்லுங்கள். பிறகு நெறியாளர் எப்படி என்று கேட்காமல், எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று கேளுங்கள். அந்தக் கட்டுரையில் எழுத்தரை முதல் பக்கத்தில் வையுங்கள். அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
பழைய பேனல் ரூம்காரன்