எட்டாம் வேற்றுமையும் எங்கள் உலையும்

இலக்கியமும் இலக்கணமும் நிரம்பிய இவ்விதழில் கணிப்பொறியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். இலக்கணத்துக்கும் கணிப்பொறிக்கும் உறவு உண்டு என்பதைச் சென்ற பருவத்தில் ஓர் உலை எனக்குக் கற்பித்தது.

முதலில் பாடம். கணிப்பொறித் திரையில் நாம் காணும் பொத்தான், எழுத்துப் பெட்டி முதலியவற்றைக் கண்ட்ரோல் என்பர். ஒவ்வொன்றுக்கும் பல பண்புகள் உண்டு. அகலம் ஒரு பண்பு. அதற்குப் பற்பல எண்களைத் தரலாம். வேறு சில பண்புகளுக்கு அந்த உரிமை இல்லை. பெயர்ச்சொல்லுக்குப் பால் என்னும் பண்பு இருக்கிறதன்றோ? அஃது ஐந்தில் ஒன்றாகவே இருக்கும். ஆறாம் பால் என்று ஒன்றை யாரும் புகுத்த முடியாது. மைக்ரோசாப்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுத்துப் பெட்டிக்கு உள்ள பார்டர்ஸ்டைல் என்னும் பண்பும் அத்தகையதே. கரை இல்லை, ஒற்றைக் கோட்டுக் கரை, முப்பரிமாணக் கரை என மூன்றே மதிப்புகள்.

இத்தகைய பண்பை வெறும் எழுத்துக்கோவையாக வைத்தால், ஒருவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டாலும் கம்பைலர் கண்டுகொள்ளாது. ஆகவே சி ஷார்ப் மொழியில் மதிப்புகளை ஒரு பட்டியலாக அறிவித்து, அப்பட்டியலையே பண்பின் வகையாக்குகிறோம். அதற்கு ஈனம் என்று பெயர். தமிழ்ச் செவிக்கு நன்றாகவா ஒலிக்கிறது? என் செய்வது! பயன் மட்டும் உயர்ந்தது. பெயரைப் பிழையாக எழுதினால் கம்பைலரே பிடித்துவிடும். விஷுவல் ஸ்டூடியோவின் பண்புச் சாளரத்தில் மதிப்புகள் விரியும் பட்டியலாகத் தாமே வந்து நிற்கும்.

ஆனால் பெயருக்கு உள்ளே இருப்பது எண். நாம் எண் குறிக்காவிட்டால் 0, 1, 2 என வரிசையாக அதுவே இட்டுக்கொள்ளும். மூன்றே மதிப்புள்ள பண்புக்கு ஒருவர் 50 என்னும் எண்ணை வலிந்து வகை மாற்றி அனுப்பினாலும் மொழி தடுக்காது. தடுப்பது பண்பை எழுதியவரின் கடமை. மதிப்பை ஏற்கும் இடத்திலேயே சோதித்து, பட்டியலில் இல்லையெனில் பிழை எழுப்ப வேண்டும். பார்டர்ஸ்டைல் அப்படித்தான் செய்கிறது. ஒன்றுமே குறிக்காதபோது மதிப்பு 0 ஆகிவிடும் என்பதால், 0 என்பது தீங்கற்ற மதிப்பாக இருப்பது நலம்.

வலைப்பக்கத்தின் வழக்கம் வேறு. எச்.டி.எம்.எல்.-இல் உள்ளீட்டுப் பெட்டியின் வகைக்கு அறியாத சொல்லைத் தந்தால், பிழை என்னாமல் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் கொள்ளும். மின்னஞ்சல் வகை புதிதாக வந்தபோது பழைய உலாவிகள் திணறாமல் இருந்தது இதனால்தான். அங்கே அந்தப் பொறுமை தகும். உலையை ஆளும் கருவிக்குத் தகாது என்பது என் கருத்து.

இனி உலையின் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆய்வுக்கூட உலைக்கு நான் ஒரு கண்ட்ரோல் எழுதினேன். அதன் நிலை என்னும் பண்புக்கு நான்கு மதிப்புகள்: நிறுத்தம் 0, சூடேற்றம் 1, நிலைநிறுத்தம் 2, குளிர்விப்பு 3. சோதனையும் வைத்தேன். ஆய்வு மாணவியான அக்கா ஒருவர் தம் நிரலில் அதைப் பயன்படுத்தி வந்தார். பின்னர், மணிக்கு 50 பாகை ஏறும் மென்சூடேற்றம் வேண்டும் என்றார்கள். சூடேற்றத்துக்கு அடுத்து அதை வைத்தால் பட்டியல் அழகாக இருக்குமே என்று நடுவில் செருகினேன். என் நூலகக் கோப்பை மட்டும் மாற்றினேன். அக்காவின் நிரலை மீண்டும் கம்பைல் செய்யவில்லை.

ஈனத்தின் எண்கள், பயன்படுத்தும் நிரலுக்குள் கம்பைல் செய்யும்போதே பதிந்துவிடுகின்றன. அன்றிரவு அக்காவின் நிரல் உலையை 900 பாகைக்கு ஏற்றிவிட்டு, 4 மணி நேரம் நிலைநிறுத்த எண்ணி 2 என்றது. புதிய பட்டியலில் 2 மென்சூடேற்றம். உலை 1100-க்கு ஏறியது. பிறகு குளிர்விக்க 3 என்றது. 3 இப்போது நிலைநிறுத்தம். விடியும்வரை உலை 1100-இலேயே நின்றது. என் சோதனை வாய் திறக்கவில்லை. 2, 3 இரண்டும் பட்டியலில் உள்ளவைதாமே!

"தம்பி, உலை இன்னும் சுடுகிறதே!" என்றார் அக்கா, காலையில். மூன்று வாரம் அரைத்து அழுத்திச் செய்த வில்லைகள் உருகித் தட்டோடு ஒட்டியிருந்தன. அவர் என்னைக் கடியவில்லை. கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை விடுதியில் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. வேற்றுமை ஏழு என்று கூறி, விளியோடு எட்டு என்கிறார் ஆசிரியர். விளி கடைசியில் சேர்ந்தது. ஆகவே நான்காம் வேற்றுமை என்றால் ‘கு’ என்பதில் குழப்பமில்லை. விளியை நடுவே செருகியிருந்தால், நான்காம் வேற்றுமை, ஐந்தாம் வேற்றுமை என்று எண்ணால் பேசும் உரைகளெல்லாம் என்ன ஆகும்?

மறுநாள் எல்லா மதிப்புகளுக்கும் எண்ணை வெளிப்படையாக எழுதினேன். பழைய நான்குக்கும் பழைய எண்களே, மென்சூடேற்றத்துக்கு 4. பட்டியல் இப்போது அழகாக இல்லை. எண்ணுக்குப் பதில் பெயரையே அனுப்பலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அனுப்பலாம், பிறகு பெயரைத் திருத்தும் உரிமை போய்விடும். எண்ணை விட்டுப் பெயருக்கு அடிமையாவதில் எனக்கு மனமில்லை.

புதிய வில்லைகளை அக்காவோடு சேர்ந்து நானும் அரைத்தேன். அவை உலைக்குள் போன இரவு, திரையில் ‘குளிர்விப்பு’ என்ற சொல் தோன்றி, வெப்பமானி இறங்கத் தொடங்கும்வரை அங்கேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன்.